கணினி செவி திறக்கும் வேளை

வன்னிப் பெருநிலத்திலே பிறந்தவர்க்குக் குளம் கட்டும் முறையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் துருசு வைப்பார்கள்; வான் அமைப்பார்கள்; ஆற்றை ஒருபுறமாகத் திருப்பி விட்டிருப்பார்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே அணைக்கட்டின் கடைசி இடைவெளியை மூடுவார்கள். வான் அமைக்குமுன் கட்டை மூடிவிட்டு, மாரி பிந்தி வரட்டும் என்று வானத்தைப் பார்த்திருப்பவனை ஊரார் நகைப்பர். மழை எமது ஆயத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2018ஆம் ஆண்டு மார்கழியில் பெருவெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

நாம் ஈண்டு எழுதப் புகுந்தது குளத்தின் கதையன்று, கணினியின் கதை. ஆயினும் நியதி இரண்டிற்கும் ஒன்றே. கணினிக்கும் ஒரு மாரி உண்டு. அதற்குக் குறுக்கீடு என்று பெயர். கணினி துயிலெழும் முதற் கணங்களில் அந்த மாரியை எவ்வாறு தடுத்து வைப்பது, எந்த வேளையில் திறந்து விடுவது என்பதை மனிதர் கற்றுக்கொள்ள ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றில் அம்ஸ்ரர்டாம் நகரம் உண்டு. பெங்களூரும் சென்னையும் உண்டு. வவுனியாவில் எமது விடுதியறை ஒன்றும் உண்டு. ஆனால் அது பெருமைக்குரிய இடத்தில் இல்லை.

குறுக்கீடு என்பது யாது? கணினியின் முறைவழியாக்கி ஒரு வேளையில் ஒரு கட்டளையை நிறைவேற்றிச் செல்லும் யந்திரம். சாவிப்பலகை, வன்தட்டு, கடிகாரம் முதலிய சாதனங்களோ தத்தம் போக்கில் இயங்குவன. இவை ஒவ்வொன்றிடமும் சென்று "வேலை முடிந்ததா, வேலை முடிந்ததா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் முறைவழியாக்கியின் காலமெல்லாம் கேட்பதிலேயே கழியும். ஆகவே சாதனமே அழைக்கட்டும் என்று விட்டார்கள். நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் அதிபர் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் அலுவலக ஊழியர் வாசலில் வந்து நிற்பார். அதிபர் புத்தகத்தில் விரலை வைத்து, விட்ட வரியைக் குறித்துக்கொண்டு வெளியே போவார். காரியத்தை முடித்துத் திரும்பி வந்து அதே வரியிலிருந்து தொடர்வார். கணினி செய்வதும் இதுவே. அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு. இன்ன இலக்கத்துக்கு இன்ன இடத்தில் உள்ள நிரலை ஓட்டுக என்று அவ்வட்டவணை சொல்லும்.

அந்த அட்டவணையை எழுதுபவர் யார்? பணிசெயல் முறைமையே எழுத வேண்டும். எப்போது எழுதும்? தான் எழுந்த பின்னர்த்தான் எழுதும். அப்படியாயின், அது எழுந்து அட்டவணையை எழுதி முடிப்பதற்கு முன்னே ஓர் அழைப்பு வந்துவிட்டால் என்ன நிகழும்? முறைவழியாக்கி தயங்காது. அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் கிடக்கும் குப்பையையே முகவரியென்று நம்பி அங்கே பாயும். எமது கட்டுரையின் பொருள் இந்தச் சிறு இடைவெளிதான்.

சாதனங்கள் கணினியை இடைமறிக்கும் வசதி 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகம் உருவாக்கிய டைசியாக் என்னும் யந்திரத்தில் இடம்பெற்றது. அது பாரவண்டிப் பெட்டியொன்றினுள் ஏற்றிச் செல்லத்தக்கதாய் அமைந்த கணினி. அதன் பின்னர் யுனிவாக் 1103 வகைக் கணினியிலும் இவ்வசதி வந்தது. விமான ஆராய்ச்சிக்கான காற்றுச் சுரங்கத்திலிருந்து வரும் அளவீடுகள் வேறு வேலையில் இருக்கும் கணினியை இடைமறித்து நுழையலாயின. இவற்றை விரைவாகச் சொல்லி அப்பாற் செல்வோம். ஏனெனில், இந்த வசதியைக் கண்டு முதலில் அஞ்சியவரின் கதையே எமக்கு வேண்டியது.

அவர் எட்ஸ்கர் டைக்ஸ்ற்றா. ஒல்லாந்து தேசத்தவர், 1952 முதல் அம்ஸ்ரர்டாம் கணித நிலையத்தில் நிரலாளராயிருந்தவர். அவருடைய தோழர்களான லூப்ஸ்ற்றா, ஸ்கோல்ட்டன் என்னும் இருவரும் எக்ஸ்-1 என்ற புதிய கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தனர். அதில் குறுக்கீட்டு வசதியை வைப்போம் என்று அவர்கள் சொன்னபோது டைக்ஸ்ற்றா கலங்கிப் போனார். அதுவரை அவர் எழுதிய நிரல் நூறு தடவை ஓடினாலும் நூறு தடவையும் ஒரே வழியிற் செல்லும். பிழை இருந்தால் மீண்டும் அதே இடத்தில் அகப்படும். இனியோ, எந்தக் கணத்தில் அழைப்பு வருமென்று எவருக்கும் தெரியாது. இன்று தோன்றும் பிழை நாளை தோன்றாது, தேடினால் ஒளித்துக்கொள்ளும். மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழைகளைத் தமது நிரல் விளைக்கும் என்று அவர் பயந்தார்.

தோழர்கள் அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே இணங்க வைத்தார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இணங்கியபின் அவர் செய்த முதல் வேலை, யந்திரத்தின் நிலையை முழுவதும் குறித்துவைத்து, பின்னர் அவ்வாறே மீட்க முடியுமா என்று ஆராய்ந்ததாகும். முடியும் என்று நிறுவப் புகுந்தவர், அவர்களுடைய திட்டப்படி முடியாது என்று நிறுவினார்! திட்டத்தை அவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய திட்டம் தவறும் சந்தர்ப்பம் மிக அரிது. ஆயினும் அந்த அருமையே அவருக்கு ஒரு பாடமாயிற்று: இத்தகைய நிரலைச் சோதித்துப் பார்த்து நம்பலாகாது, நியாயத்தால் நிறுவியே நம்ப வேண்டும். 1959ஆம் ஆண்டில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றதும் இக்கணினியோடு தொடர்புகொள்ளும் நிரலைப் பற்றிய ஆய்வுக்கே. அதற்கு ஏழாண்டுகள் சென்ற பின்னும், விற்பனைக்கு வந்த புதிய கணினிகளின் குறுக்கீட்டு வன்பொருளில் குறைகளைத் தாம் கண்டதாக அவர் குறிப்பிட்டுள்ளார்.

ஏழாண்டு மட்டுமா? இருபதாண்டு சென்றும் குறை இருந்தது. இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் முறைவழியாக்கியைப் பாருங்கள். குறுக்கீடு வரும்போது விட்ட வரியைக் குறித்துவைக்கும் இடத்துக்கு அடுக்கு என்று பெயர். கணினி எழுந்தவுடன் முதல் வேலைகளுள் ஒன்று அவ்வடுக்கு இருக்கும் இடத்தைச் சொல்வது. 8088இலே அந்த இடத்தை இரண்டு கட்டளைகளால் சொல்ல வேண்டும்: பகுதியைச் சொல்ல ஒன்று, பகுதிக்குள் இருக்கும் புள்ளியைச் சொல்ல மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே அழைப்பு வந்தால், புதிய பகுதியும் பழைய புள்ளியுமாகச் சேர்ந்து, எங்கோ ஓரிடத்தில் குறிப்பு எழுதப்பட்டு, அங்கிருந்தது அழியும். ஆரம்பத்தில் வெளிவந்த 8088 சில்லுகளில் இப்பிழை உண்மையாகவே இருந்தது. பின்னர் வந்தவற்றில், முதற் கட்டளைக்கு அடுத்த கட்டளை முடியும்வரை சில்லு தானே செவியை மூடிக்கொள்ளும்படி திருத்தினார்கள். பழைய சில்லுகள் இன்னும் பாவனையில் இருக்குமே என்று அஞ்சிய நிரலாளர், தொடக்க நிரலில் "செவியை மூடு" என்னும் கட்டளையை முன்னும், "திற" என்பதைப் பின்னுமாக வைத்து எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். சில்லுகள் மறைந்தன; வழக்கம் மறையவில்லை.

நிற்க. 1981ஆம் ஆண்டு ஆவணியில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதிலே 8259 என்னும் சிறு சில்லொன்று வாயிற்காவலனாக இருந்து, எட்டுச் சாதனங்களின் அழைப்புகளை வரிசைப்படுத்தி முறைவழியாக்கிக்கு அறிவித்தது. அவ்வெட்டுக்கும் ஐ.பி.எம். கொடுத்த இலக்கங்கள் 8 முதல் 15 வரை. இன்ரெல் நிறுவனமோ முதல் 32 இலக்கங்களையும் தனது எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கி வைத்திருந்தது. அன்று அவ்விடங்கள் பெரும்பாலும் வெறுமையாயிருந்தமையால் எவருக்கும் நட்டம் இல்லை. அரச ஒதுக்குக் காணியில் கொட்டில் போடுவது போன்ற காரியம். வீதி போட வரும்வரை வழக்கு எழாது.

வீதி 1982இல் வந்தது. புதிய 80286 முறைவழியாக்கி 8ஆம் இலக்கத்தை இரட்டைத் தவறு என்னும் பெரும் விபத்துக்கு எடுத்துக்கொண்டது. பாதுகாத்த நிலை என்னும் புதிய நிலைக்குள் கணினி நுழைந்தபின் கடிகாரம் ஒரு துடிப்புத் துடித்தால், அந்த அழைப்பும் 8ஆம் இலக்கத்திலேயே வந்து விழும். கடிகாரம் துடித்ததா, யந்திரம் உள்ளே குலைந்ததா என்று பணிசெயல் முறைமை எவ்வாறு அறியும்? பழைய நிரல்கள் ஓடாமற் போய்விடும் என்ற காரணத்தால் ஐ.பி.எம். தனது இலக்கங்களை மாற்றவில்லை.

1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோவால்ட்ஸ் தமது லினக்ஸ் முறைமையின் முதற் பதிப்பை எழுதியபோது இந்தக் கொட்டில் அவர் வழியிலும் குறுக்கே நின்றது. தொடக்க நிரலின் நடுவே, இதனை ஐ.பி.எம். குழப்பிவிட்டதென்று கவலையோடு ஒரு குறிப்பு எழுதிவிட்டு, வாயிற்காவல் சில்லுக்குப் புதிய இலக்கங்களைக் கொடுத்து, அழைப்புகள் யாவும் 32இலிருந்து தொடங்குமாறு செய்தார். இன்றுவரை சிறு பணிசெயல் முறைமை எழுதப் பழகும் மாணவர் இவ்வேலையைச் செய்தே தீர வேண்டும்.

லினக்ஸ் பின்பற்றும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் செவியை மூடுகிறது. மூடிய செவிக்கும் கேட்கும் அழைப்பு ஒன்றுண்டு. நினைவகம் பழுதாதல் போன்ற பேராபத்தை அறிவிக்க வைத்தது அது. பாதுகாத்த நிலைக்குள் செல்லும் அந்தக் கண நேரத்துக்கு அதனையும் வேறொரு வாயில் வழியாக அடைத்துவிடுகிறது. அடுத்து, தன் உள்ளே நேரும் தவறுகளுக்கான அட்டவணையை எழுதுகிறது. ஏனெனில் அவை செவியை மூடினாலும் நிகழக்கூடியவை. அதன்பின் வெளிச்சாதன அழைப்புகளுக்கு ஆயத்தம், பின்னர் கடிகாரம். இவ்வளவும் முடிந்த பின்னரே செவியைத் திறக்கிறது. இடையில் எவரேனும் அவசரப்பட்டுத் திறந்துவிட்டார்களா என்று திறக்குமுன் தன்னைத்தானே ஒருமுறை சோதித்து, திறந்திருந்தால் முறைப்பாட்டையும் எழுதி வைக்கிறது.

அப்படி அவசரப்பட்டவர்கள் நாமே. எமது விடுதியறையில் நால்வர் கூடி, பழைய கணினி ஒன்றை வாங்கி, சிறியதொரு முறைமை எழுத முற்பட்டோம். பத்துத் தடவை தொடங்கினால் ஒன்பது தடவை திரையில் வரவேற்பு வாசகம் தோன்றி எல்லாம் நலமே நடக்கும். பத்தாவது தடவை கணினி திடீரென்று அணைந்து, மீளத் தொடங்கும். பழைய யந்திரமல்லவா என்று மின்வழங்கியை மாற்றினோம், விற்றவரை வைதோம். பின்னர் எம்முள் ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. திரையில் எழுத்துப் பதிக்கும் பகுதியை எழுதியவர் அவர். அவருடைய பகுதியை நீக்கினால் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும், சேர்த்தால் வந்துவிடும். இதைவிடச் சாட்சி வேண்டுமா? இரண்டு வாரம் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினோம். அவர் தமது நிரலை மூன்று தடவை திரும்ப எழுதினார்; கடைசியில் எம்மோடு உண்ண வருவதையும் நிறுத்திவிட்டார்.

பிழை அவருடையதன்று. செவியைத் திறக்கும் கட்டளையை நாம் வரவேற்பு வாசகத்துக்கு மேலே வைத்திருந்தோம். அட்டவணை இருக்குமிடத்தைச் சொல்லும் கட்டளையோ அதற்குக் கீழே கிடந்தது. எமது கணினியின் கடிகாரம் ஏறத்தாழ 55 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை துடிப்பது. வாசகம் பதிக்கச் சில மில்லிசெக்கன்கள் செல்லும். கடிகாரத் துடிப்பு அந்த இடைவெளியில் விழாதிருந்தால் நாம் தப்பினோம். விழுந்தால், அட்டவணை இல்லை. அந்தத் தவறைக் கையாளவும் அட்டவணை இல்லை. அதனால் எழும் இரட்டைத் தவறுக்கும் இல்லை. மூன்றாம் முறையும் தவறியதும் முறைவழியாக்கி வேலையைக் கைவிட, கணினி மீளத் தொடங்கும். நண்பரின் பகுதியை நீக்கியபோது இடைவெளி குறுகியது, பிழை குறைந்தது. அவ்வளவே. டைக்ஸ்ற்றா அஞ்சிய பிழை இதுவேயென்று அப்போது நாம் அறியவில்லை.

எமது இடைவெளி அற்பமானது. இதே இடைவெளி பெரிய உருவெடுத்த ஓர் இடம் பெங்களூர். பெரிய நிறுவனங்களின் கணினியில் லினக்ஸ் திடீரென்று நிலைகுலைந்தால், ஏன் குலைந்தது என்று அறிய அவ்வேளையிலிருந்த நினைவகத்தைப் பாதுகாத்தல் அவசியம். குலைந்துபோன முறைமையையே அவ்வேலையைச் செய் என்று ஏவுவது, நினைவு தப்பியவனிடம் வாக்குமூலம் கேட்பது போன்றது. ஆகவே நினைவகத்தில் ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது முறைமை ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். முதலாவது வீழ்ந்ததும் மின்சாரத்தை நிறுத்தாமல், இரண்டாவது அவ்விடத்திலேயே எழுந்து, வீழ்ந்ததின் நினைவைப் பதிந்துகொள்ளும். கேடம்ப் எனப்படும் இம்முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகிய இந்தியப் பொறியியலாளரும், அதற்கு அடிப்படையான கேஎக்செக் என்பதை ஆக்கிய அமெரிக்கரான எரிக் பீடர்மனும் 2005ஆம் ஆண்டு ஒட்டாவா நகர மாநாட்டுக் கட்டுரையொன்றில் விளக்கினர். அவ்வாண்டு ஆவணியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

இங்கே வந்த சங்கடம் வேறு வகை. சாதாரணமாகக் கணினி எழும்போது சாதனங்களும் உறக்கத்திலிருந்து எழும். இங்கோ, எழுவது முறைமை மட்டுமே. சாதனங்கள் விழித்தபடி, பழைய எசமானுக்குச் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்ந்து செய்து, அவனையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவன் இல்லை என்று அவற்றுக்குச் சொல்வார் யார்? செவியை மூடியிருக்கும் வரை துன்பமில்லை. ஆனால் மூடிய செவி அழைப்பை அழிப்பதில்லை. அழைப்பு வாசலிலேயே நிற்கும். திறந்தவுடன் உள்ளே வரும்.

இன்னும் ஒன்று. அக்காலக் கணினிகளில் இரண்டு மூன்று சாதனங்கள் ஒரே அழைப்புக் கம்பியைப் பகிர்ந்துகொள்வதுண்டு. வன்தட்டின் செலுத்தி தனக்காக அக்கம்பியைத் திறக்கிறது என்க. அதே கம்பியில் வலையமைப்பு அட்டை பழைய காரியத்துக்காகக் கூவிக்கொண்டிருக்கிறது. அதனைக் கவனிக்கும் செலுத்தி இன்னும் எழவில்லை. வன்தட்டின் செலுத்தி பார்க்கிறது, "எனக்குரியதன்று" என்கிறது. கூவல் நிற்கவில்லை. மீண்டும் பார்க்கிறது, மீண்டும் அதே விடை. இவ்வாறு 100,000 அழைப்புகளில் 99,900க்கு மேற்பட்டவற்றை எவரும் ஏற்கவில்லையாயின், லினக்ஸ் அக்கம்பியையே அடைத்துவிடும். கம்பி அடைபட, குற்றமற்ற வன்தட்டும் ஊமையாகும். நினைவைப் பதிந்துவைக்க வேண்டிய இடம் அந்த வன்தட்டுத்தானே! யாரோ செய்த பிழைக்கு அருகிலிருந்தவன் தண்டனை பெறுவது எமது விடுதியறையில் மட்டும் நிகழ்ந்த காரியமன்று போலும்.

இதற்கு இரு மருந்துகள் கண்டனர். அழைப்பு யாருடையதென்று தெரியாவிடில், அக்கம்பியிலுள்ளோரை மட்டுமன்றி எல்லாச் செலுத்திகளையும் கேட்டுப்பார் என்பது ஒன்று. இது நோயைத் தாங்கும் வழி. செலுத்தி தனது சாதனத்தின் கம்பியைத் திறக்குமுன், அச்சாதனத்தை முதலில் மீளமைத்து அமைதிப்படுத்துக என்பது மற்றது. இதுவே நோயைத் தீர்க்கும் வழி. ஆனால் இரண்டாவதைச் செய்யச் செலுத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டும். சாதனம் நல்ல நிலையில், உறங்கியபடி தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கையிலேயே பல செலுத்திகள் எழுதப்பட்டிருந்தன.

இவ்வளவு அநுபவமும் சேர்ந்தபின் புதிதாய்ப் பிறந்த முறைவழியாக்கிகள் எப்படியிருக்கின்றன? அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய ரிஸ்க்-ஐந்து என்னும் வடிவமைப்பின் விதிநூல், யந்திரம் மீளத் தொடங்கும்போது குறுக்கீட்டை அனுமதிக்கும் குறி மூடியே இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. நிரலாளர் மறந்தாலும் சில்லு செவிமூடியே பிறக்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி முறைவழியாக்கி இவ்வடிவமைப்பைத் தழுவியது. 2018ஆம் ஆண்டில் அதன் சில்லொன்று அமெரிக்காவிலும், மற்றொன்று சண்டிகாரிலும் வார்க்கப்பட்டன. அச்சில்லிலே லினக்ஸ் துயிலெழுந்தது. ரிஸ்க்-ஐந்துக்கான லினக்ஸோ, செவி மூடியே இருக்கும் என்று விதிநூல் சொல்லியும் அதனை நம்பியிராமல், எழுந்தவுடன் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்றாகத் தானும் ஒருமுறை எல்லாக் குறுக்கீடுகளையும் மூடுகிறது. தனக்கு முன் ஓடிய தொடக்க நிரல் எதைத் திறந்துவிட்டுப் போயிற்றோ, யார் கண்டார்?

எமது நிரலில் நாம் செய்தது ஒரு வரியை ஆறு வரிகளுக்குக் கீழே இறக்கியது மட்டுமே. அன்றிரவு இருநூறு தடவை தொடங்கிப் பார்த்தோம்; ஒருமுறையேனும் தவறவில்லை. டைக்ஸ்ற்றா இதனை நிறுவல் என்று ஒப்பமாட்டார்; ஆகவே மறுநாள் தாளில் வரிவரியாய் எழுதியும் பார்த்தோம். அத்தாளை எடுத்துக்கொண்டு நண்பருடைய அறைக்குப் போனோம். அவர் அதனை வாங்கி முழுவதும் வாசித்தார். பேனாவை எடுத்து, நாம் கவனியாது விட்ட இன்னோர் இடைவெளியைச் சுழித்துக் காட்டினார். பிறகு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.